அம்பாசடர் மிஸ் அடிக்குதா? கார்புரேட்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எங்க பக்கம் பழைய வண்டி மிஸ் அடிச்சா, அதாவது சிலிண்டர் சரியா எரியாம இன்ஜின் விட்டு விட்டு ஓடுனா, முதல்ல கழட்டுறது கார்புரேட்டரத்தான். அது மேலாப்புலயே இருக்கு, ரெண்டு நட்ட கழட்டுனா கையோட வந்துரும், பெட்ரோல்ல கழுவி காத்தடிச்சு மாட்டுனா ஏதோ பெரிய வேலை பாத்த மாதிரி மனசுக்கு நிறைவா இருக்கும். வண்டி என்னமோ அப்பவும் மிஸ் அடிச்சுக்கிட்டுதான் இருக்கும். நானும் அப்படித்தான் எட்டு மாசம் அலைஞ்சேன், அந்தக் கதைய பின்னாடி சொல்றேன்.

எங்க வண்டி ஐயா வாங்குன 84 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்த மாதிரி வண்டி நிறைய வீட்ல ஷெட்டுக்குள்ள நிக்கிது, வீட்டுக்காரங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பாங்க, கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்புன்னு வீட்டத் தொறக்கும்போதுதான் வண்டியும் வெளிய வரும். வந்த உடனே மிஸ் அடிக்கும். இந்த மாதிரி ஐயா வண்டி கைக்கு வந்து, ஸ்பானர் புடிக்கவே இப்பதான் பழகுறவங்களுக்காக எழுதுறேன். பியட் பத்மினி, பழைய ஜீப், கார்புரேட்டர் வச்ச மாருதி 800 எல்லாத்துக்கும் வழி இதேதான், கேப் (இடைவெளி) அளவு, சிலிண்டர் எண்ணிக்கை, வயர் வரிசை, வால்வ் கணக்கு மட்டும் அந்தந்த வண்டிக்கு மாறும்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்ஜின் ஓடும்போது குனிஞ்சு வேலை பாக்கணும், அதனால தோள்ல துண்டு, வேட்டி, தொங்குற செயின் எதுவும் வேணாம், ஃபேன் இழுத்துரும். நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து சக்கரத்துக்கு கட்டை வைங்க. ஷெட்டுக்குள்ள ஓட்டாதீங்க, புகை அடைச்சுக்கும், வெளிய வேப்பமரத்து நிழலுக்கு தள்ளிட்டு வந்துருங்க. பெட்ரோல் வேலையையும் ஸ்பார்க் பாக்குற வேலையையும் ஒரே நேரத்துல பண்ணவே கூடாது. அப்புறம் கழட்டுன சாமான ஆத்தங்குடி கல் பதிச்ச தளத்துல பரப்பி வைக்காதீங்க, என்ஜின் ஆயில் கறை புடிச்சா அப்பத்தா கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.

முதல்ல காத கொடுங்க

ஸ்பானர எடுக்காம சைலன்சர் பக்கம் போய் உக்காருங்க. சூடான வண்டிய ஐடிலிங்ல, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காம, ஓட விட்டு ரெண்டு நிமிஷம் சும்மா கேளுங்க. மிஸ் ஒரே தாளத்துல வருதா, டப்-டப்-டப்-ம்ம், டப்-டப்-டப்-ம்ம்னு? அப்படின்னா ஏதோ ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யல. தாளமே இல்லாம எப்ப வேணா விட்டு விட்டு மிஸ் ஆகுதா? அப்படின்னா நாலு சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு தகராறு, அதாவது ஸ்பார்க்குக்கு கரண்ட ஏத்திக் குடுக்கற காயில், டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற கண்டென்சர், பாயிண்ட், ரோட்டார், இல்லன்னா பெட்ரோல் வர்ற பாதை. இத மட்டும் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பட்டறையில நிறைய பேர் இத கேக்குறதே இல்ல, பேனட்ட தொறந்த உடனே ஸ்க்ரூ டிரைவர் கார்புரேட்டருக்குப் போயிரும்.

ஒரு பேப்பர் துண்ட சைலன்சர் வாய்க்கு முன்னாடி புடிச்சுப் பாருங்க. வெளிய தள்ளிக்கிட்டே இருந்தா சரி, நடு நடுவுல உள்ள இழுத்து ஒட்டுச்சுன்னா எக்ஸாஸ்ட் வால்வ் மேல சந்தேகத்த வச்சுக்கோங்க.

அடுத்து எப்ப மிஸ் ஆகுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. காலையில குளிர்ந்த வண்டியிலயா, சூடான அப்புறமா, ஐடிலிங்லயா, ஏத்தத்துல மிதிக்கும்போதா, ஒரே சீரா போகும்போதா, டேங்க் கம்மியா இருக்கும்போதா? சிரிக்காதீங்க, எங்க வண்டியில கடைசியில வழி காட்டுனதே இந்த நோட்டுதான்.

இன்னொரு சுலபமான சோதனை இருக்கு. மிஸ் ஆகும்போது சோக்க, அதாவது கார்புரேட்டருக்குப் போற காத்த குறைக்கிற நாப, கால்வாசி இழுத்துப் பாருங்க. வண்டி நல்லா ஆச்சுன்னா கலவையில பெட்ரோல் பத்தல, எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, இல்லன்னா ஜெட் (பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை) அடைச்சிருக்கு. இன்னும் மோசமாச்சுன்னா பெட்ரோல் ஏற்கெனவே ஜாஸ்தி, இல்லன்னா ஸ்பார்க் வீக். எந்த மாத்தமும் இல்லன்னா கார்புரேட்டர விட்டுருங்க, அது பாவம்.

எந்த சிலிண்டர்?

ரேடியேட்டர் பக்கம் இருக்கறது 1, டிரைவர் பக்கம் வர வர 2, 3, 4. பிளக் வயர கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் டேப் சுத்தி நம்பர் எழுதிருங்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியிற வரிசை, 1-3-4-2, ரெண்டு வயர் மாறுனாலே வண்டி செல்ஃப் அடிக்கும்போது கார்புரேட்டர் வழியா தும்மும், நீங்க புது கோளாறு வந்துருச்சுன்னு பயந்துருவீங்க.

இன்ஜின் ஐடிலிங்ல ஓடட்டும். செருப்பு போட்டுக்கிட்டு, ரப்பர் புடி போட்ட பிளேயரால ஒரு வயர மட்டும் பிளக்குல இருந்து தூக்குங்க. இன்ஜின் சத்தம் இறங்கி தள்ளாடுச்சுன்னா அந்த சிலிண்டர் வேலை செய்யுது, வயர திரும்ப மாட்டிருங்க. தூக்கியும் ஒரு மாத்தமும் இல்லன்னா, அதான் நம்ம ஆளு. ரொம்ப நேரம் வயர அந்தரத்துல புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, காயில் கெடும், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். பாயிண்ட எடுத்துட்டு எலக்ட்ரானிக் கிட் போட்ட வண்டியா இருந்தா இந்த மாதிரி ஓடும்போது தூக்கவே வேணாம், நிறுத்திட்டு ஒவ்வொரு பிளக்கா மாத்திப் பாருங்க.

ஷாக் பயம் இருக்கறவங்களுக்கு தண்ணி வைத்தியம். குளிர்ந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல, சிலிண்டர் பக்கத்துல சொட்டு சொட்டா தண்ணி விடுங்க. சுர்ருன்னு ஆவியாகாத இடம் எதுவோ அந்த சிலிண்டர் எரியல. ஒரு கணக்கு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அம்பாசடர் ஹெட்ல 1க்கும் 4க்கும்தான் தனி எக்ஸாஸ்ட் வழி, 2ம் 3ம் நடுவுல ஒரே வழியா வெளிய வரும். இன்டேக் வேற மாதிரி, 1-2 சேந்து ஒரு வழி, 3-4 சேந்து ஒரு வழி. அதனால 1ம் 2ம் சேந்தே மிஸ் ஆகுது, இல்ல 3ம் 4ம் சேந்தே ஆகுதுன்னா அந்தப் பக்க இன்டேக் கேஸ்கெட்ல காத்து போகுதான்னு பாக்கணும். 2ம் 3ம் சேந்து போச்சுன்னா ஹெட் கேஸ்கெட் நடுவுல எரிஞ்சு போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

பிளக்க படிக்கிறது

நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க. மாரி பிஸ்கெட் கலர்ல லேசா பழுப்பா இருந்தா நல்லா எரியுதுன்னு அர்த்தம். காஞ்ச கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி இல்ல ஸ்பார்க் வீக். கரியோட எண்ணெய் பிசுபிசுன்னு இருந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வ் கைடோ தேஞ்சு ஆயில் மேல வருது. பெட்ரோல்ல நனஞ்சு வந்தா ஸ்பார்க்கே வரல. வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தா கலவை காய்ஞ்சு போச்சு, ரொம்ப சூடாகுது.

பிளக் முனையோட கேப் 0.025 இன்ச், அதாவது 0.6 மிமீக்கு கொஞ்சம் மேல. இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் வாங்கிருங்க, பிளேடு கணக்கு, விசிட்டிங் கார்டு கணக்கெல்லாம் வேணாம். கெட்ட சிலிண்டர் பிளக்க நல்ல சிலிண்டருக்கு மாத்துங்க. மிஸ் பிளக் கூடவே போச்சுன்னா பிளக்தான். போகலன்னா அடுத்து வயர அதே மாதிரி மாத்திப் பாருங்க, நீளம் எட்டுனா. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்தான் மாத்தணும். பிளக், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் எல்லாத்தையும் ஒரே நாள்ல புதுசா மாத்துனா, வண்டி சரியானாலும் எதனாலன்னு தெரியாது, புதுசுல ஒண்ணு டூப்ளிகேட்டா இருந்து பழைய கோளாறு போய் புது கோளாறு வந்தா அதுவும் தெரியாது.

பிளக்க வயர்ல மாட்டி அதோட உடம்ப இன்ஜின் பிளாக்ல படுற மாதிரி வச்சு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பக்கத்துல பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமா பட் பட்டுன்னு சத்தத்தோட அடிச்சா நல்ல ஸ்பார்க். மஞ்சளா நூல் மாதிரி வந்தா, அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர்.

டிஸ்ட்ரிபியூட்டர்: இங்கதான் நிதானமா நிக்கணும்

என் அனுபவத்துல, கார்புரேட்டர் கோளாறுன்னு சொல்லி வந்த வண்டியில பாதிக்கு மேல, ஸ்பார்க்க நாலு பிளக்குக்கும் பிரிச்சு விடுற இந்த டப்பாவுக்குள்ளதான் விஷயம் இருந்துச்சு. ரெண்டு கிளிப்ப தள்ளுனா மேல் மூடி, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் கேப், வந்துரும். காஞ்ச துணியால தொடச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, உள்பக்கம் ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு பென்சில்ல கோடு போட்ட மாதிரி இருந்தா அது விரிசல், கரண்ட் அந்தக் கோட்டு வழியா ஓடிரும். கேப்ப மாத்துறதுதான் வழி, சுரண்டுனா திரும்ப வரும். நடுவுல ஸ்பிரிங்கோட சின்ன கார்பன் குச்சி இருக்கும், அது உள்ள போய் வெளிய வருதா, தேஞ்சு காணாமப் போயிருச்சான்னு பாருங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு பேனட்ட தொறந்து இன்ஜின ஓட விட்டு, வயர் மேல லேசா தண்ணி தெளிச்சுப் பாருங்க, கரண்ட் ஒழுகுற வயர் மின்னும். ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் மிஸ் அடிக்கிற வண்டிக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் இதான். ரொம்ப நாள் நின்ன வண்டியில எலி கடிச்ச வயரும் இருக்கும், அதையும் கை விட்டுத் தடவிப் பாருங்க, இன்ஜின நிறுத்திட்டு.

பாயிண்ட், அதாவது நடு ஷாஃப்ட்ல இருக்கற மேடு பள்ளமான கேம் சுத்தும்போது தொறந்து மூடுற சின்ன சுவிட்ச். ஹேண்டில் போட்டோ, டாப் கியர்ல வண்டிய தள்ளியோ, பாயிண்டோட குதிகால் கேமோட மேட்டுல ஏறி நிக்கிற மாதிரி கொண்டு வாங்க. அப்ப இடைவெளி 0.014ல இருந்து 0.016 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 0.4 மிமீ. ரெண்டு முகமும் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடுன்னு இருந்தா உப்புத்தாள் போட்டு தேச்சு ஒரு வாரம் ஓட்டலாம், அதுக்கு மேல மாத்திருங்க. புது பாயிண்ட் முகத்துல துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவியிருப்பாங்க, அத பெட்ரோல் தொட்ட துணியால தொடைக்காம மாட்டுனா புதுசு போட்டும் ஸ்டார்ட் ஆகாது. நான் ஒரு தடவ இதுல அரை நாள் போக்குனேன். கேம்ல குதிகால் படுற இடத்துல துளி கிரீஸ், அவ்வளவுதான், ஜாஸ்தி வச்சா தெறிச்சு பாயிண்ட்ல விழும். கேப்ப கழட்டிட்டு ரோட்டார் ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னு ஆடுனா புஷ் தேஞ்சிருக்கு, நீங்க எவ்வளவு துல்லியமா பாயிண்ட் இடைவெளி வச்சாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும்.

பாயிண்ட்ல பொறி பறக்காம தடுக்குற கண்டென்சர் விரல் நுனி அளவு இருக்கும், பண்ற அட்டகாசம் மட்டும் பெருசு. கேப்ப கழட்டி வச்சு செல்ஃப் அடிக்கும்போது பாயிண்ட்ல பெரிய நீலப் பொறி பறந்தா கண்டென்சர் போச்சு. மீட்டர்ல கெப்பாசிட்டன்ஸ் பாக்குற வசதி இருந்தா 0.2 மைக்ரோஃபேரட் கிட்ட காட்டணும். நல்லா ஓடிக்கிட்டிருக்கற பழைய கண்டென்சர தூக்கிப் போடாதீங்க, இப்ப வர்ற புதுசுல நிறைய கழிசடை.

கேப்புக்குள்ள சுத்தி ஸ்பார்க்க பிரிச்சு விடுற ரோட்டாருக்கு ஒரு சோதனை: காயில்ல இருந்து கேப்போட நடுவுக்கு வர்ற வயர எடுத்து, பிளேயரால புடிச்சு, ரோட்டாரோட பித்தளைக்கு மேல 3 மிமீ உயரத்துல வைங்க. இக்னிஷன் ஆன்ல, பாயிண்ட் மூடுன நிலையில இருக்கணும், இன்னொருத்தர் பாயிண்ட மரக்குச்சியால தட்டி தொறக்கட்டும். ஸ்பார்க் ரோட்டாருக்குள்ள தாவுச்சுன்னா அது உள்ளுக்குள்ள ஷாஃப்ட்டுக்கு ஒழுகுது, மாத்துங்க. தாவலன்னா நல்ல ரோட்டார்.

காயில் ஒரு மோசமான ஆள், குளிர்ந்திருக்கும்போது யோக்கியன் மாதிரி இருக்கும். அரை மணி நேரம் ஓடி சூடான அப்புறம் மிஸ் ஆரம்பிச்சு, ஓரமா நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா சரியாகுதுன்னா காயில சந்தேகப்படுங்க. சாதாரண 12 வோல்ட் காயில் பிரைமரி 3 ஓம்ஸ் பக்கம் காட்டணும், சூடா இருக்கும்போது அளந்துதான் பாக்கணும். பேட்டரி டெர்மினலும் இன்ஜின்ல இருந்து பாடிக்குப் போற எர்த் பட்டையும் பூசணம் இல்லாம இருக்கணும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், எங்க ஊர் சம்பை ஊத்துத் தண்ணி எவ்வளவு ருசியா இருந்தாலும் அது காபிக்கு.

இப்ப எங்க வண்டி கதை. காரைக்குடியில இருந்து திருமயம் போற ரோட்ல நேரா 60ல விட்டுக்கிட்டே போனா மிஸ் அடிக்கும், வண்டி குலுங்கும். ஐடிலிங்ல அருமை. ஏத்தத்துல முழுசா மிதிச்சாலும் அருமை. டவுன்ல ஒரு பட்டறையில ரெண்டு தடவ கார்புரேட்டர் கிட் மாத்துனாங்க, மூணாவது தடவ கார்புரேட்டரையே மாத்தச் சொன்னாங்க. நோட்ட எடுத்துப் பாத்தா எல்லா தடவையும் ஒரே வரி: பாதி ஆக்ஸிலேட்டர், சீரான ஸ்பீடு. பாதி மிதில மட்டும் இன்ஜின்ல என்ன மாறுதுன்னு யோசிச்சா, வாக்கும் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க்க கொஞ்சம் முன்னாடியே அடிக்க வைக்கிற ஏற்பாடு. கார்புரேட்டர்ல இருந்து ஒரு மெல்லிசு குழாய் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும், அந்த இழுவைதான் பாயிண்ட் உக்காந்திருக்கற தட்ட லேசா திருப்பும். ஐடிலிங்ல இழுவை இல்ல, முழுசா மிதிச்சாலும் இல்ல.

கேப்ப கழட்டிட்டு அந்தக் குழாய வாயில வச்சு உறிஞ்சுனேன், ஜூஸ் குடிக்கிற மாதிரி. தட்டு மெதுவா திரும்புச்சு. அதோட பாயிண்ட்டுக்குப் போற சின்ன கருப்பு வயரும் இழுபட்டுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா, வயர் தட்டுக்கு அடியில வளையிற இடத்துல மேல்தோல் வெடிச்சு, உள்ள செம்பு நூல்ல மூணோ நாலோதான் முழுசா இருந்துச்சு. உறிஞ்சுனா விலகுது, விட்டா ஒட்டுது. எட்டு மாசம், ரெண்டு கிட்டு காசு, கடைசியில விரல் நீளத்துக்கு ஒரு வயர். அந்த இடத்துக்கு வளைஞ்சு குடுக்கற மெல்லிசு இழை வயர்தான் போடணும், வீட்டு வயரிங்ல வர்ற ஒத்தைக் கம்பி போட்டா ஒரு மாசத்துல முறியும். இந்தக் கோளாற சுலபமா புடிக்க, அந்த வாக்கும் குழாய டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழட்டி, முனைய அடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. மிஸ் நின்னுச்சுன்னா இங்கதான். உறிஞ்சும்போது தட்டே நகரலன்னா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, அதுவும் தெரிஞ்சு போச்சு.

ஸ்பார்க் நல்லாருக்கு, ஆனா ஒரு சிலிண்டர் செத்தே கிடக்கு

அப்ப கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம். நாலு பிளக்கையும் கழட்டி, காயில் வயர எடுத்துட்டு, ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சு வச்சு செல்ஃப் அடிச்சு கேஜ்ல பாருங்க. நம்பர் எவ்வளவுங்கறத விட நாலும் பக்கத்து பக்கத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் கால்வாசிக்கு மேல கம்மின்னா அதுக்குள்ள ரெண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊத்தி திரும்ப அளங்க. ஏறுனா ரிங், ஏறலன்னா வால்வ் இல்ல கேஸ்கெட்.

வால்வ்னா முதல்ல டேப்பெட், அதாவது வால்வுக்கும் அத அமுக்குற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி, பாருங்க, 0.015 இன்ச். 2000த்துல லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல நிறுத்துனதுக்கு அப்புறம் இந்தப் பழைய ஹெட்டுகள்ல எக்ஸாஸ்ட் வால்வ் சீட் மெல்ல தேஞ்சு வால்வ் மேல ஏறி டேப்பெட் கேப் குறைஞ்சுக்கிட்டே வரும். சத்தமே இல்லாத டேப்பெட் நல்ல டேப்பெட்டுன்னு நினைச்சு விட்டா வால்வ் மூடாம எரிஞ்சு போயிரும். லேசா டக் டக்னு கேக்குறது நல்லதுதான். வைக்கிறதுக்கு ஒம்போது கணக்கு: மொத்தம் எட்டு வால்வ், எட்டாவது முழுசா அமுங்கியிருக்கும்போது ஒண்ணாவத வைங்க, ஏழு அமுங்கும்போது ரெண்டாவது, அப்படியே, ரெண்டையும் கூட்டுனா ஒம்போது வரணும்.

கடைசியா பெட்ரோல்

இப்ப போகலாம் கார்புரேட்டருக்கு, ஆனா டேங்க்ல இருந்து ஆரம்பிங்க. நாலஞ்சு கிலோமீட்டர் ஓடி மிஸ் ஆகி நின்னா டேங்க் மூடிய தொறங்க, உஸ்ஸுன்னு காத்து இழுத்தா மூச்சுக்குழல் அடைப்பு. ஷெட்ல நின்ன வண்டியில குளவி அந்தக் குழாய்க்குள்ள மண்கூடு கட்டி வச்சிருக்கும், நான் கம்பி விட்டு எடுத்திருக்கேன். அப்புறம் ஃபில்டர், துரு, பம்ப் டயஃப்ரம். இப்ப பங்க்ல பெரும்பாலும் கிடைக்கிறது ஈ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்த எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம், வாஷர் எல்லாத்தையும் ஊற வச்சுரும், தண்ணியையும் இழுத்துக்கும். மாசக்கணக்குல நிக்கிற வண்டின்னா டேங்க்ல பழசு இருந்தா வடிச்சுட்டு புதுசு போடுங்க, ஹோஸ எத்தனால் தாங்குற ரகமா மாத்திருங்க.

அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் மட்டும் திணறுனா பெட்ரோல் குழாய்லயே ஆவியாகுது. பம்ப் மேல ஈரத்துணி போட்டு பாருங்க, சரியாச்சுன்னா குழாய எக்ஸாஸ்ட்ட விட்டு நகர்த்துங்க.

காத்து ஒழுகுதான்னு பாக்க மேனிஃபோல்டு ஓரத்துலயும் கார்புரேட்டர் அடியிலயும் சோப்புத் தண்ணி தெளிங்க, இன்ஜின் சத்தம் மாறுனா அங்கதான் ஓட்டை. பெட்ரோல் ஊத்திப் பாக்குற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துலயே இருக்கு, செய்யாதீங்க. ஜெட்ட காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க, ஊசியோ கம்பியோ விட்டா ஓட்டை பெருசாயிரும். கார்புரேட்டருக்குள்ள மிதக்குற ஃப்ளோட்ட காதுகிட்ட ஆட்டுங்க, உள்ள பெட்ரோல் சலசலத்தா அது பொத்தல். மிக்சர் ஸ்க்ரூவ மெதுவா முட்டுற வரைக்கும் மூடி, ஒன்றரை சுத்து தொறந்து, அங்க இருந்து காதுக்கு ஏத்த மாதிரி வைங்க.

சரியாச்சுன்னு தோணுனதும் ஷெட்டு வாசல்லயே சந்தோஷப்படாதீங்க. குன்றக்குடி வரைக்கும் போய்ட்டு வாங்க, நோட்டுல எழுதுன அதே ஸ்பீடு, அதே மிதி, அதே சூடு. திரும்பி வந்து ஆறுனதும் நாலு பிளக்கையும் கழட்டிப் பாருங்க. நாலும் ஒரே பிஸ்கெட் கலரா இருந்தா பிளக்க மாட்டிருங்க. மூணு பிஸ்கெட், ஒண்ணு கரின்னா, அந்த ஒண்ணுல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.